நாலாவது குழாய்

மூன்று இரவு தூங்கவில்லை.
உப்புப் போட்ட பால்தேநீரைக்கூட
வேண்டாம் என்று தள்ளி வைத்தபோதுதான்
சரன்துயா பயந்துபோனாள்.

உலான்பத்தாருக்கு அடியில் ஓடும்
வெந்நீர்க் குழாய்களைப் பழுது பார்ப்பவன் நான்.
மைனஸ் முப்பத்தொன்றில்
மூடியைத் தூக்கி இறங்குவேன்.
எந்த வளைவில் கசிவு என்று
காதாலேயே சொல்லிவிடுவேன்.
என் வாயில் எந்தப் பல் என்று
சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் ஓயுன்பிலெக்
ஒவ்வொன்றாகத் தட்டினாள்.
இதுவா? இல்லை.
இதுவா?
நாற்காலி கிறீச்சிட்டது.

படத்தைத் திரையில் போட்டாள்.
வேரை மேலே நீட்டிக்கொண்டு
என் கடைவாய்ப் பல்.
"உள்ளே இருக்கும் நரம்பு
பாதி செத்துவிட்டது.
மீதியையும் எடுத்து, கழுவி, அடைத்துவிடலாம்.
பல் உங்களுடையதாகவே இருக்கும்."

பிடுங்கிவிடுங்களேன் என்றேன்.
"ஒரு கசிவுக்குத் தெருவையே பெயர்ப்பீர்களா?"
போன வருஷம்கூடப் பெயர்த்தோம்.
ஊசி போட்டிருந்தாள்,
உதடு ஒத்துழைக்கவில்லை. சொல்லவில்லை.

நீல ரப்பர் திரைக்கு வெளியே
அந்தப் பல் மட்டும் தனியாக நின்றது.
மயிரிழைக் கம்பிகள்.
துணி வெளுக்கும் மருந்தின் வாடை.
நுனியைத் தொட்டதும் கருவி பீப் என்றது.
மூன்று குழாய்களைக் கண்டுபிடித்தவள்
நிறுத்தவில்லை.
"நாலாவது ஒன்று இருக்கும்."
படத்தில் இல்லையே.

எங்கள் வரைபடங்களிலும் இல்லை.
ரஷ்யர்கள் பதித்துவிட்டு
எழுதாமல் போனவை எத்தனையோ.
ஏதாவது ஒரு ஜனவரியில்
தாமாக வெடித்து
முகவரி சொல்லும்.

இருபது நிமிஷம் தேடினாள்.
வாயைத் திறந்தபடி
கூரையின் ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்குள் இவ்வளவு பொறுமையாக
யாரும் எதையும் தேடியதில்லை.

"கிடைச்சிடுச்சு" என்றாள்,
என்னிடம் அல்ல, பல்லிடம்.

மரப்பாலில் செய்த இளஞ்சிவப்புக் குச்சிகளைச் சூடாக்கி
நாலையும் அடைத்தாள்.
இரண்டு வாரத்தில் தொப்பி.
அதுவரை அந்தப் பக்கம் எலும்பு கடிக்கக் கூடாது.

வெளியே நிலக்கரிப் புகை, இருட்டு.
தெருமுனையில், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
வாயைப் பிளந்து காற்றை இழுத்தேன்.
எல்லாப் பல்லும் கூசிற்று.
ஒன்றைத் தவிர.
இன்னொரு முறை இழுத்தேன்.
அது நின்றுகொண்டிருந்தது,
லைனை மூடிவிட்ட கட்டடம் மாதிரி.

வீட்டில் சரன்துயா கிண்ணத்தை நீட்டினாள்.
"சூடு சரியா இருக்கா?"
ஒரு பக்கம் மட்டும் சரியாக இருந்தது.
இருக்கிறது என்றேன்.