கடற்பசி

பார்சல் வந்த அன்று ஐஸ் கம்பெனியில் கரண்ட் இல்லை.
உமிக்குள் பார்கள் வியர்த்துக்கொண்டிருந்தன.
கத்தரிக்கோல் கிடைக்காமல்
மீன் அறுக்கும் கத்தியால் அட்டையைக் கீறினேன்.
ஐந்து பிரதிகள்.
மேலிருந்ததில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது,
அட்டைப்படத்துக் கடலில்
ஓவியர் வரையாத ஒரேயொரு மீன்.

ஏழாம் பாசிக்காடு.
எழுதியவர் ம. பிரிஸ்கில்லா.
கீழே பொடி எழுத்தில்: ஒன்பது வயதுக்கு மேல்.
எனக்கு நாற்பத்து மூன்று.

மண்டபத்தில் ஐஸ் கணக்கு எழுதுகிறவளுக்குக்
கதை எழுதத் தடைக்காலம்தான் வாய்க்கும்.
ஏப்ரல் பாதியில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்க,
அறுபத்தொரு நாள் மிஷின் வாயை மூடும்.
அதற்குள் மூன்று அத்தியாயம், ஒரு வருஷம் ஒன்றரை.
ஜூனில் அது இரைய ஆரம்பித்ததும்
என் இளவரசி அப்படியே நின்றுவிடுவாள்,
ஒரு காலைப் படியில் வைத்தபடி
பத்து மாதம்.
அந்தப் படிக்கட்டை அவள் ஏறி முடிக்க
நான்கு தடைக்காலம் பிடித்தது.

இடைப்பட்ட நாட்களில்
பில் புத்தகத்தின் முதுகில் பெயர்களை மட்டும் குறித்துவைப்பேன்.
ஆடிட்டர் ஒருமுறை
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"யாரும்மா இந்தச் சங்கரசன்? இருபது பார் நிக்குது?"
சங்குகளின் அரசன் என்று எப்படிச் சொல்வது.
"பாம்பன்காரர் சார், குடுத்துருவார்."

கதையில் வருகிற பெரிய பிராணிக்கு
நான் வைத்திருந்த பெயர் ஆவுளியா.
இந்தக் கரையில் வேறு பெயர் சொன்னால்தான் விளங்காது.
சென்னையிலிருந்து எடிட்டர் பேசினார்:
"இங்க பிள்ளைங்களுக்குப் புரியாது மேடம்,
கடற்பசுன்னு போட்டுடலாம்."
இருநூற்றுப் பதினோரு இடம். ஒரே அழுத்தில் மாறிற்று.
அன்றிரவு கழுத்தில் மணி கட்டிய ஒன்று
கனவில் வந்து என்னிடம் புண்ணாக்கு கேட்டது.

ஓர் இடம் மட்டும் தப்பியிருக்கிறது.
பக்கம் நூற்றுப் பதினேழில்
அவசரத்தில் அவுளியா என்று எழுதியிருந்தேன்.
கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்.
அதை யாரோ விரலால் தட்டித் திருத்தியபோது
கால் இடறிவிட்டது:
"அப்போது இருட்டுக்குள்ளிருந்து கடற்பசி தலை நீட்டியது."

நானாகக் கண்டுபிடிக்கவில்லை.
போட்டுக்குப் போகும் மைதீனின் மகள் ஷமீலா,
உமி மூட்டைமேல் சம்மணமிட்டு
உதடு அசைய வாசித்துக்கொண்டே வந்தவள்
நிறுத்தினாள்.

"அக்கா, இது மட்டும் ஏன் ஒரு தடவைதான் வருது?"

எட்டிப் பார்த்தேன். வயிற்றுக்குள் ஒரு பார் சறுக்கியது.
அச்சுப் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் என்னைக் கேட்கவே இல்லை.
"வலையக் கடிக்கிறது இதான்.
டீசலும் குடிக்கும்.
வாப்பா சும்மா வர்ற அன்னிக்கு
இது முன்னாடியே போயிருக்கும்.
கடற்பசுவுக்கு இதத் தெரியுமா அக்கா?
ரெண்டும் பேசிக்குமா?"

நான்கு வருஷமாக நானறியாத ஒன்று
என் புத்தகத்திலேயே
ஒரு வரி நீளத்துக்குக் குடியிருந்திருக்கிறது.

சாயங்காலம் போன்.
எடிட்டருக்கும் தெரிந்துவிட்டது.
அறுநூறு பிரதி, கவலை வேண்டாம்,
சனிக்கிழமை ராமநாதபுரத்தில் வெளியீட்டுக்குள்
திருத்தச் சீட்டு ஒட்டிவிடலாம் என்றார்.
பின்னால் ஃபேன் சத்தம். அவருக்குக் கரண்ட் இருந்தது.

ஷமீலா பில் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தாள்.
முதலில் வாய்.
உடம்புக்கு இடம் மிச்சம் வைக்காத வாய்.
கார்பன் வழியாக அது
வெள்ளையிலும் மஞ்சளிலும் ரோஸிலும் இறங்கியது.

"ஒட்டாதீங்க சார்."
"மேடம், அது தப்பு..."
"இருக்கட்டும். இரண்டாம் பாகத்துல வருது."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
கரண்ட் வந்தது, மிஷின் கனைத்தது,
தடைக்காலத்துக்கு இன்னும் எட்டு மாதம்.

அவள் போன பிறகு பில்லைப் பார்த்தேன்.
பெயர் என்ற இடத்தில் பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.
ஊர்: கடல்.
பாக்கி: நிறைய.