திரும்பி வந்த ஜாக்கெட்

நானூறு ஜாக்கெட். கை நெடுகத் தொங்கல்.
ஆர்டர் தாளில் 'இந்தியன் ஸ்டைல்' என்றிருந்தது.
எந்த இந்தியன், என்றான் பீர்மைதீன்.
நம்மளா இருக்காது,
இதப் போட்டா நமக்கு வேர்க்கும், என்றேன்.
தாராவிப் பட்டறையில் அன்று அவ்வளவுதான் பேச்சு.

ஆடி மழையில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது,
உள்பையில் நாலாய் மடித்த கடிதத்தோடு.
கணக்கெழுதும் செலஸ்டின் வாசித்தாள்.
மொன்டானா. பிளாக்ஃபீட் நிலம்.
எழுதியவள் லோரெட்டா;
குடும்பப் பெயரில் ஒரு கொக்கு ஓடுகிறது.

'எங்கள் மலைக்கு உலகத்தின் முதுகெலும்பு என்று பெயர்.
குதிரை வருமுன்னே
கம்பில் கட்டிய வீட்டை நாய்கள் இழுத்துப் போயின.
காட்டெருமைத் தோலை
அதன் மூளையைத் தேய்த்துத்தான் பதப்படுத்தினோம்.'
பீர்மைதீன் குரோமியத் தொட்டியைப் பார்த்தான்,
பிறகு தன் மண்டையைத் தடவிக்கொண்டான்.

'தொங்கல் அழகுக்கு மட்டுமில்லை.
மழை அதன் வழியாக வடிந்துவிடும்.
வழியில் கயிறு வேண்டுமானால் ஒன்றை அறுத்துக்கொள்வோம்.
நீங்கள் வெட்டியதில் எல்லாம் ஒரே அளவு,
ஒன்றுகூடக் குறையவில்லை.
எங்கேயும் போகாதவர்களின் சட்டை இது.
பணம் வேண்டாம்.'

சாயங்காலம் தொண்ணூறடி ரோட்டில் முழங்கால் தண்ணீர்.
முதலாளி பார்க்குமுன் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
தோல் கெட்டுப்போகும், தெரியும்.
கையிலிருந்து மழை
இழை இழையாக இறங்கியது. பொய்யில்லை.

சயான் சிக்னலுக்கு முன்னால்
பீர்மைதீனின் செருப்பு வார் அறுந்தது.
இடது முழங்கைக்கருகே ஒன்றை அறுத்துக் கொடுத்தேன்.
முடிச்சுப் போட்டு நடந்தான்,
திட்டிக்கொண்டே.

நாளைக்குச் செலஸ்டினிடம் சொல்ல வேண்டும்,
ஒன்று குறைந்துவிட்டது என்று
அவளுக்கு எழுத.