கைப்பிடி ஒன்று

பதினொரு கட்டில், கைப்பிடி ஒன்று.
இரவுப் பணியேற்கும்போது
பதிவேட்டில் முதலில் எழுதுவது அதைத்தான்.
ஊசி, மாத்திரை, ஆக்சிஜன் உருளையின் முள்
எல்லாம் அதற்குக் கீழே.

நெஞ்சில் நீர் கோத்தவர்கள் மல்லாந்து படுக்கக் கூடாது.
படுத்தால் உள்ளிருக்கும் தண்ணீர்
கழுத்துவரை வந்து எட்டிப் பார்க்கும்.
தலைப்பக்கம் உயர வேண்டும். உயரும்,
கால்மாட்டில் கைப்பிடியைச் செருகி முப்பது சுற்று சுற்றினால்.
ஆனால் திருகுகள் தேய்ந்தவை.
உருவிய மறுகணமே கட்டில்
யாருக்கும் தெரியாமல் இறங்கத் தொடங்கும்,
மணிக்கு ஒரு சாண்.
ஆகவே சுற்றுகிறேன்,
ஒன்றில் தொடங்கிப் பதினொன்றுவரை, மறுபடி ஒன்று.
பைக்குள் கிடக்கும் இரும்பு இடித்து இடித்து
தொடையில் ஒரு நீலம் கன்றியிருக்கிறது, மூன்று வருடமாக.

நான்காம் கட்டிலில் லன்டானா.
வயது இருபத்தாறு, பிள்ளை பெற்று ஐந்து வாரம்.
காலை அமுக்கினால் என் கட்டைவிரல்
ஈரக் களிமண்ணில் பதிந்ததுபோல் அப்படியே நிற்கிறது.
நெஞ்சுக்கு வெளியே பால் கட்டி அங்கி நனைகிறது,
உள்ளே தண்ணீர்.
குழந்தை வார்டுக்குள் வரக் கூடாது.
தாழ்வாரத்தில், நாத்தனார் மடியில், அது அழும்போதெல்லாம்
இவளுக்கு நிமிடத்துக்கு நான்கு மூச்சு கூடுகிறது.
எண்ணியிருக்கிறேன்.

டன்லாமி பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தான்,
பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் குடிக்க வேண்டியது.
"உப்பு ஆகாது" என்றேன்.
"இது உப்பில்லை, கன்வாக் கல்" என்றான்.
எனக்கும் அதே கஞ்சிதான் தந்தார்கள், இரண்டு பிரசவத்துக்கும்.
அதைச் சொல்லவில்லை.
சற்றுப் பொறுத்துப் பார்த்தால்
தாழ்வாரச் சுவரைப் பார்த்து நின்றபடி
அவனே குடித்துக்கொண்டிருந்தான்,
திருடியதைப்போல, கடைசிச் சொட்டுவரை.

ஊசிமருந்து எங்களிடம் ஆறு குப்பி.
மீதி வெளிக்கடையில்.
மோட்டார் சைக்கிளில் போனவன் நடந்து திரும்பினான்,
கையில் பத்துக் குப்பி.
கடலையெண்ணெய்ப் புட்டியில் மையால் கோடு போட்டிருக்கிறேன்.
அதில் சேரும் சிறுநீர்தான்
இந்த வார்டுக்கு வரும் நல்ல செய்தி.
நள்ளிரவில் அறுநூறு.

ஏழாம் கட்டிலில் இரோ.
கானோவிலிருந்து லாகோஸுக்கு வெங்காயம் ஏற்றியவர்,
ஐம்பதுகூட ஆகவில்லை.
ரத்தக் கொதிப்பு மாத்திரை விலையேறிய மாதம் நிறுத்தியவர்.
"சிஸ்டர்... இந்தக் கட்டிலுக்கு...
பிரேக் இல்லை" என்றார்.
சிரிக்க மூச்சு போதவில்லை, கண்ணால் சிரித்தார்.

ஹர்மட்டான் காற்று ஜன்னல் இடுக்கில்
மாவு மாவாய் மண் சலித்துக்கொண்டிருந்தது.
இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று.
டீசல் அறுவை அறைக்கு மட்டும்.
நான்காம் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருக்கையில்
ஏழிலிருந்து ஒரு சத்தம் வந்தது.
பிறகு சத்தம் நின்றது.
அப்போது இருபத்திரண்டாவது சுற்று.
முப்பதை முடித்துவிட்டுப் போனேனா,
பாதியில் உருவிக்கொண்டு ஓடினேனா,
எனக்கே இப்போது தெளிவில்லை.

டாக்டர் டுகுர் டார்ச் அடித்துப் பார்த்தார்,
நேரம் எழுதினார்.
இனி கட்டிலைக் கிடையாக்க வேண்டும்.
அதற்குக் கைப்பிடி தேவைப்படவில்லை.
அது தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

நான் நான்குக்குத் திரும்பியபோது
டன்லாமி தரையில் குந்தி
கட்டிலின் சரிவுக்கு அடியில் முதுகைக் கொடுத்திருந்தான்.
எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை.
மேலே அவள் வாய் திறந்து தூங்கினாள்.

விடிந்ததும் நிறுத்துப் பார்த்தோம்.
நேற்றைவிட இரண்டு கிலோ நானூறு குறைவு.
கதவுவரை வந்த நாத்தனார் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.
எடை முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
யாரும் கவனிக்கவில்லை.

ஏழு மணி. பகல் பணிக்கு ரக்கியா.
கட்டில் பதினொன்று, நோயாளி பத்து,
கைப்பிடி ஒன்று.
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டாள்.
வாங்கிப் பையில் போடும்போது
"இப்படிச் சுடுகிறதே" என்றாள்.