செவ்வாய்க்கிழமை நடவடிக்கைக் குறிப்பு

சிசாக் நகரம். தன்னார்வத் தீயணைப்புப் படையின்
மாடி அறை. நிலநடுக்கம் கிழித்த சுவரில்
பூசிய காரை இன்னும் நிறம் சேரவில்லை.
நாற்காலிகள் பதினொன்று, வட்டமாக.
வட்டம் என்று பெயர்தான்,
கதவுப் பக்கம் முட்டைபோல் நீண்டிருக்கும்.
எழுந்துபோக நினைப்பவர்கள் அங்கேதான் உட்காருவார்கள்.

நான் பயிற்சியில் இருப்பவள். பேனா என் பொறுப்பு.
வந்தவர், வராதவர், தாமதம்,
குடிக்காத நாட்கள். இவ்வளவுதான் எழுத வேண்டும்.
குடித்தவர் இங்கே தனியாக வரக்கூடாது,
வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும்.
"நோய் ஒருத்தர் உடம்புல இருக்கலாம்,
சாப்பிடுற மேஜை ஒண்ணுதானே" என்பார் விஷ்னியா.

புத்தகத்தில் குழுவுக்குப் பருவங்கள் உண்டு:
கூடுவது, மோதுவது, படிவது, பலன் தருவது.
பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.
எங்கள் குழு மோதிவிட்டுத்தான் கூடியது.
பிலாஷென்கா ஜன்னலைத் திறப்பார், மிஸ்லாவ் மூடுவான்;
மூன்று வாரம் அந்த ஜன்னல்தான் எங்கள் சிகிச்சை.

திஹொமிர் பேசவே மாட்டார்.
எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் வால்வு திருகிய கை
முழங்காலில் கவிழ்ந்து கிடக்கும்.
எப்படி இருக்கிறீர்கள் என்றால்
மனைவி லியெர்கா சொல்வார்: "நல்லா இருக்காரு."
கோபமா? "கோபமெல்லாம் இல்ல."
நாற்பது நாளா? "நாற்பத்திரண்டு."

மௌனம் நீண்ட ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை,
மழையைப் பற்றி ஏதோ உளறினேன்.
படியிறங்கும்போது விஷ்னியா கேட்டார்:
"அந்தப் பேச்சு யாருக்குத் தேவைப்பட்டது?"
பஸ்ஸில் வீடு சேரும்வரை அதையே மென்றேன்.

ஏழாவது செவ்வாய். லியெர்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
கழுத்தில் கம்பளித் துண்டு. வாய் திறந்தால் வெறும் காற்று.
கேள்வி வழக்கம்போல் கணவரிடம் போய்
வழக்கம்போல் அவர் பக்கம் திரும்பியது.
அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.
பத்து முகங்கள் திஹொமிரைப் பார்த்தன.
கீழே யாரோ தண்ணீர்க் குழாயைச் சுருட்டினார்கள்,
அதன் பித்தளை மூக்கு தரையில் தட்டித் தட்டிப் போனது.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பேசாதே. பேசாதே.

"உப்புத் தண்ணி கொப்பளிக்கிறா" என்றார்.
அந்தத் தோளுக்குப் பொருந்தாத குரல்,
பள்ளிக்கூடப் பையனுடையது.
"மூணு நாளா. ராத்திரி ரெண்டரைக்கு இருமல் வரும்.
அப்புறம் நாலேகாலுக்கு.
முன்னாடியும் இருமியிருப்பா. இருமாமலா இருந்திருப்பா?
எனக்குக் கேட்டதில்ல."

தேன் நல்லது என்று தொடங்கினார் பிலாஷென்கா,
விஷ்னியாவின் விரல் உயர்ந்ததும் நிறுத்தினார்.
மிஸ்லாவின் அம்மா கைப்பையைத் திறந்து
எதையும் எடுக்காமல் மூடினார்.
மிஸ்லாவ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்,
அன்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

லியெர்கா என் பேனாவைக் கேட்டார்.
குறிப்பேட்டு ஓரத்தில் எழுதி, சுற்றுக்கு விட்டார்:
"பொய். நேத்து நாலேகாலுக்குக் குறட்டை."
கைமாறிக் கைமாறிப் போன நோட்டின் பின்னாலேயே
சிரிப்பும் போயிற்று.
சிரிக்காத விஷ்னியா மூக்கால் சிரித்தார்.
கடைசியில் திஹொமிர் கண்ணாடியைத் தேடி, மாட்டி,
எழுத்துக்கூட்டிப் படித்து,
"சரி, ரெண்டரைக்கு மட்டும்" என்றார்.

வந்தவர் பதினொருவர். தாமதம் இல்லை.
குடிக்காத நாட்கள், திஹொமிர்: நாற்பத்தொன்பது.
மீதியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
விளக்கை அணைத்துக்கொண்டிருந்த விஷ்னியாவைக் கேட்டேன்.
"அந்த ஓரத்தைக் கிழிச்சிடாதே" என்றார்.

வீட்டில் தாளைத் திருப்பினேன்.
அழுத்தி எழுதுகிற கை லியெர்காவுடையது.
அடுத்த செவ்வாய்க்கான வெற்றுப் பக்கத்தில்
மை இல்லாமல் பதிந்திருந்தது, குறட்டை.