தூக்கிக் கொடுப்பவள்

என் விரல் நுனியில்தான்
அவள் தாவல் ஒவ்வொன்றும் தொடங்குகிறது.
வலை ஓரமாய் நான் பந்தைத் தூக்கி வைப்பேன்.
தவமலர் வருவாள், மூன்று எட்டு,
நான்காவது எட்டு தரையில் இல்லை.
பந்து அந்தப் பக்கம் விழுந்த பிறகுதான்
அவள் இந்தப் பக்கம் இறங்குவாள்.

இறங்கியதற்கு
யாரும் கைதட்டியதில்லை.

கோத்தகிரியில் எங்கள் வீடுகள் எல்லாம் இறக்கத்தில்.
பள்ளி கேட்டிலிருந்து லைன் வரைக்கும்
தேயிலைக்கு நடுவே படி, படி, படி.
மார்கழியில் ஒரு சாயங்காலம்
அவள் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினாள்,
மேலே வரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி.
ஏதோ புது விளையாட்டு என்று
நாலு நாள் நானும் அப்படியே இறங்கினேன்.
ஐந்தாம் நாள் மழை. வழுக்கும் என்று முன்னால் திரும்பினாள்.
முதல் படியிலேயே உதட்டைக் கடித்தாள்.

முட்டிச்சில்லுக்குக் கீழே
ஒரு புளியங்கொட்டை அளவு இடம்.
வீட்டில் நீலகிரித் தைலம் தேய்த்தார்கள்.
ஸ்வெட்டர் மணத்தது, கணக்கு நோட்டு மணத்தது,
முட்டிக்கு மட்டும் சேதி போகவில்லை.
"பத்து நாள் படுத்துக்க" என்றார் பி.டி. மாஸ்டர்.
படுத்தாள். எழுந்தாள். தாவினாள்.
அதே புளியங்கொட்டை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அக்கா
ஊசியை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டாள்:
"ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிக்கிற?"
தவமலருக்குத் தெரியவில்லை. மாஸ்டருக்கும்.
தூக்கிக் கொடுக்கிற எனக்கும்.

மறுநாள் எண்ணினேன்.
நூற்று எழுபத்தொன்று.
அதில் நூற்று முப்பது நான் கொடுத்தது.

அப்புறம் ஒரு நோட்டு.
இடது பக்கம் தாவல், வலது பக்கம் வலி.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவளே சொல்ல வேண்டும்.
மூன்று வரை ஆடலாம். அதைத் தாண்டினாலோ,
விடிந்தும் மிச்சம் இருந்தாலோ, குறைக்கணும்.
மினி பஸ்ஸில் ஏறியதும் "ரெண்டு" என்பாள்.
கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழிப்பார்.

சுவரில் முதுகை ஒட்டி
இல்லாத நாற்காலியில் உட்காருவாள்,
நாற்பத்தைந்து நொடி, ஐந்து முறை.
சில வாரம் கழித்து,
சாய்பலகையில் நின்று மெதுவாய் மடங்கு என்றாள் அக்கா.
பலகைக்கு எங்கே போவது?
தண்ணி டேங்க் பக்கம் ரோடு சரியும் இடத்தில்
குதிகால் மேட்டிலும் விரல்கள் பள்ளத்திலுமாய் நின்றாள்.
கீழே போக ஐந்து எண்ணிக்கை. மேலே வர ஐந்து.
பனி வந்து மூடிய பிறகு
குரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது.

குன்னூரில் மண்டல ஆட்டம்.
அன்றைக்கு அவள் கணக்கு அறுபது,
ஆட்டத்துக்கு முன்னால் குதிப்பதையும் சேர்த்து.
கடைசி செட். பதிமூன்றுக்குப் பதிமூன்று.
அறுபது தீர்ந்து இரண்டு பாயிண்ட் ஆகிறது.
"குடு!" என்று கத்துகிறாள்.
அவள் கால் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.

தலைக்குப் பின்னால் தள்ளினேன், ஷர்மிளிக்கு.
தான் அங்கே நிற்பதே
ஷர்மிளிக்கு மறந்திருந்தது.
பந்து வலையில்.
அடுத்ததும் அவர்களுக்கே.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.
"எவ்வளவு?" என்றேன் பின்சீட்டிலிருந்து.
"பத்து."
"முட்டியைக் கேட்டேன்."
"நான் முட்டியைச் சொல்லல."

இரண்டு வாரமாய்
நோட்டின் வலது பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

இன்று படியில் எனக்கு முன்னால் போகிறாள்.
முகம் கீழே பார்க்க, பை ஒற்றைத் தோளில்,
உப்பு வாங்கக் கடைக்குப் போகிறவள்போல்
கால் மாற்றிக் கால் வைத்து.
அறுபத்து நாலு, அறுபத்தைந்து என்று
என் உதடு தானாக அசைகிறது.

திரும்பாமலே சொன்னாள்:
"எண்ணாதடி."