சுருக்கம் நாற்பது, விமர்சனம் அறுபது

எண்ணூறு சொல்லுக்குள் என்றார் கிருபைராஜா சேர்.
சுருக்கத்துக்கு நாற்பது புள்ளி,
விமர்சனத்துக்கு அறுபது.
'நான்' எங்கும் வரக்கூடாது.
'எனலாம்' வரலாம்,
'எனக் கருதப்படுகிறது' வரலாம்.
கருதுவது யாரென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கட்டுரை பதினாறு பக்கம்.
கொப்பிக் கடையில் மை தீர்ந்து
ஒன்பதாம் பக்கத்து அட்டவணை
மார்கழி விடியலில் வாவி மாதிரி மங்கிக் கிடந்தது.
முதல் வாசிப்பு கல்லாற்று பஸ்ஸில்,
களுவாஞ்சிக்குடியில் ஒருவர் இறங்கி
எனக்கு இடம் கிடைத்த பிறகு.

மாதிரி: கிழக்குக் கரையோரம், ஐந்து முகாம்கள்,
எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்
இருநூற்றுப் பதினான்கு பேர்.
கருவி: இருபத்திரண்டு வினாக்கள்,
தமிழுக்கு மாற்றி, திரும்பவும் மாற்றிச் சரிபார்த்தவை.
முடிவு: எழுபத்தொரு சதவீதம் மீண்டெழுந்தனர்.
நன்றியுரையில் ஒரு வரி:
'பிள்ளைகள் மிகுந்த ஒத்துழைப்பு வழங்கினர்.'

சுருக்கம் ஒரே இரவில் முடிந்தது.
முந்நூற்றுப் பத்துச் சொல்.

விமர்சனத்துக்குக் குந்தியபோதுதான்
பின்னிணைப்பில் ஐந்தாம் வினாவைப் பார்த்தேன்.
கடந்த இரண்டு கிழமைக்குள்
கடல் உனது கனவில் வந்ததா?
ஒருபோதும் இல்லை. எப்போதாவது. அடிக்கடி. எப்போதும்.

அந்த நாலு பெட்டியையும் எனக்குத் தெரியும்.

கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் பாய்,
முழங்காலில் அட்டை,
நீல மூடிப் பேனை.
முடிஞ்சதும் நீயே வச்சிரு என்றாள் வந்த அக்கா.
சுகிர்தன் காதுக்குள் வந்து சொன்னான்:
"எப்போதும் எண்டு போட்டா
அம்பாறை ஆசுப்பத்திரிக்கு ஏத்திருவாங்க."
இருபத்திரண்டுக்கும் முதல் பெட்டியிலேயே புள்ளடி போட்டேன்.
ஐந்தாவதில் மட்டும் அது பொய்யில்லை.
கனவு காண
நித்திரை வேணும்.

ஜெசீமாவிடம் சொன்னேன், நூலகப் படிக்கட்டில்.
வடையைப் பிய்த்தபடி கேட்டாள்:
"முகாமுக்கு அப்ப எத்தின பேர் படிவத்தோட வந்த?
நீ நிரப்பின இதுதான் எண்டதுக்கு என்ன சாட்சி?
ஞாபகம் பதிவுநாடா இல்ல,
எடுக்கிற நேரமெல்லாம் திருத்தித்தான் திருப்பி வைக்கிறம்.
போன தவணை நீதான்கா எழுதின,
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு."

கட்டாரில் இருக்கும் சுகிர்தனுக்கு
குரற்பதிவு அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
பேனையா? எனக்குப் பந்தெல்லோ தந்தவங்க.

இனி என்ன செய்வது.
இருபது வருடப் பழைய சாட்சி ஒன்று, அதுவும் நான்.
மாதிரியின் அளவு ஒன்று.
கட்டுப்பாட்டுக் குழு இல்லை.
இப்படி ஓர் ஆய்வு என் கையில் வந்திருந்தால்
சிவப்பு மையால் கிழித்திருப்பேன்.

ஆனாலும் அந்த எழுபத்தொன்றுக்குள்
புள்ளிக்குப் பின்னால் எங்கோ
ஒரு பிள்ளை முழித்திருக்கிறது.

எழுதினேன்:
விடையின் பின்விளைவை அஞ்சிச்
சிறுவர் சிலர் மறுத்திருக்கக்கூடும்.
நித்திரை பற்றி முன்வினா இல்லாததால்
ஐந்தாம் வினா எதை அளக்கிறது என்பது
தெளிவற்றது எனக் கருதப்படுகிறது.

ஆதாரம்?
கைநூலைப் புரட்டினேன்.
பிரசுரமாகாத பேச்சுக்கும் கடிதத்துக்கும்
'தனிப்பட்ட தொடர்பாடல்' என்று அடைப்புக்குள் போடலாம்,
பெயரின் முதலெழுத்தும் திகதியும் வேண்டும்,
உசாத்துணைப் பட்டியலில் அது இடம்பெறாது.

என் முதலெழுத்தை அடித்தேன்.
திகதியில் நின்றுவிட்டது கை.
இன்றைய திகதியா,
அன்றைக்கா?

இரண்டையும் போடாமல் சொற்களை எண்ணினேன்.
எண்ணூற்று மூன்று.
மூன்று சொல் போக வேண்டும்.
வெளியே கடைசி பஸ் ஹோன் அடிக்கிறது.
மேலிருந்து மறுபடி வாசிக்கிறேன்.