தொப்பி இருக்கும் இடம்

முதல் படம் வானத்துக்கு.
ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி.
மலோட்டி மலைகளின் மேல்
சலவை மூட்டை அவிழ்ந்ததுபோல் மேகம்,
ஒரு மடிப்புக்கூடத் தப்பவில்லை.
கீழே ஒன்றுமில்லை.
கொல்லை, கல்சுவர், குனிந்திருக்கும் அவள்,
எல்லாம் ஒரே மை.

இரண்டாவது நிலத்துக்கு.
முப்பதில் ஒரு பங்கு.
மக்காச்சோளத் தோகையின் நடுநரம்பு தெரிகிறது.
களைக்கொத்தின் காம்பில் சுற்றிய
சைக்கிள் டியூப் துண்டு தெரிகிறது.
மேலே
எழுதாத தாள்.

இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தால்
வங்கி நாட்காட்டியில் மார்ச் மாதம் எனக்கு.

மசேருவில், தெட்சானேயில், என் அறையில்,
மீட்டரில் பதினோரு யூனிட் மிச்சம் இருந்த இரவில்
மலை முகட்டோடு கோடு இழுத்தேன்.
கோட்டுக்கு மேலே முதல் படம்,
கீழே இரண்டாவது.
ஓரத்தை மென்மையாக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால்
கொல்லை நடுவே
தலையில்லாமல் நிற்கிறாள் மபலேசா.

டயலைத் திருப்ப எனக்கு நான்கு வினாடி.
அதற்குள் நிமிர்ந்திருக்கிறாள்.
குனிந்திருந்தவரை முழுவதும் நிலத்தில் இருந்தாள்;
நிமிர்ந்ததும் தொப்பியும் முகமும்
முகட்டைத் தாண்டி
வானத்தின் பங்கில் போய்விட்டன.
வானத்தின் படத்தில் அவள் இன்னும் நிமிரவில்லை.

மக்கேத்தா போனில் சொன்னார்:
"குனிந்ததையே வை. கறுப்பாகவே விடு.
உழைப்பு என்றால் முகம் எதற்கு?"

வைத்துப் பார்த்தேன்.
நிழல் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தேன்.
மைக்குள்ளிருந்து வந்தது அவள் அல்ல;
ஊதாவும் பச்சையுமாய்ப் புள்ளிகள்,
யாரோ ராகிமாவைக் காற்றில் உதறியதுபோல்.
திருப்பித் தள்ளினேன்.
மை மூடிக்கொண்டது.

பிறகு பிரஷ்.
நானூறு மடங்கு பெரிதாக்கி,
வைக்கோல் தொப்பியின் விளிம்பில்
ஒவ்வொரு இழையாக மாஸ்க்கைத் தீட்டினேன்.
பத்து யூனிட். ஒன்பது.
உச்சிக் கொண்டையில் கை நடுங்கி
இரண்டு முறை மேகத்துக்குள் போனேன்.
முகம் கிடைத்தது.
கூடவே அந்தத் தாள்வெள்ளையும்
தொப்பியைச் சுற்றி மெல்லிய வளையமாய் ஒட்டிக்கொண்டு வந்தது.
துடைத்தால் வைக்கோல் போகிறது.
விட்டால் புனிதர் படம்.

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன்.
என்னைப் பார்க்க நிமிரவில்லை அவள்.
ஒரு கை இடுப்பில், மோவாய் மேலே,
மழை இங்கே இறங்குமா
இல்லை மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுமா என்று
வானத்தை விசாரிக்கிறாள்.

அவள் பார்த்த வானம் என்னிடம் இல்லை.
அந்த நேரத்தில் என்னிடம் இருப்பது வெறும் வெள்ளை.
நான் அவள் தலைக்கு மேல் வைத்தது
நான்கு வினாடி பழைய மேகம்.
அவள் குனிந்து, ஒரு கோரைக் கிழங்கைப் பிடுங்கும்போது
மேலே கடந்துகொண்டிருந்த மேகம்.
அதைத்தான் இப்போது
காலமெல்லாம் அண்ணாந்து பார்க்கப்போகிறாள்.

மூன்று யூனிட் இருக்கையில் அனுப்பிவிட்டேன்,
வளையத்தோடு.

மார்ச் மாதத்துக்கு
வேறு யாரோ எடுத்த அருவியைப் போட்டுக்கொண்டார் மக்கேத்தா.
அதில் வானமே இல்லை, பிரச்சினையும் இல்லை.

ஒரு பிரதி எடுத்து ரமபந்தா போகும் வேனில்
டிரைவரிடம் கொடுத்துவிட்டேன்.
ஒன்பது நாள் கழித்துக் குரல்செய்தி.
பின்னணியில் நாய், யாரோ இரும்பைத் தட்டும் சத்தம்.
"தொப்பிக்கு ஏன் தீ வைத்திருக்கிறாய்?
களைக்கொத்து நன்றாக வந்திருக்கிறது.
இந்த மேகத்தை நம்பித்தான் அன்றைக்கு
துணியை எடுத்து உள்ளே போட்டேன்.
ஒரு சொட்டு விழவில்லை."

இந்த மேகம் இல்லை அது, மபலேசா
என்று சொல்ல வாயெடுத்து
அழுத்திய பொத்தானிலிருந்து
விரலை எடுத்துவிட்டேன்.